ராம்னி மார்ஷ் கிராமத்துக் கோயில்கள்: உள்ளே என்ன பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

நெடுவழி

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை லண்டனிலிருந்து காரில் கென்ட், ராம்னி மார்ஷ் என்ற கடலோரச் சதுப்பு நிலப் பக்கம் போகத் திட்டம். உடன் அப்பா, அம்மா. இருவரும் 70 தாண்டியவர்கள். கதீட்ரல்கள் போதும் என்கிறார்கள். வயல் நடுவே தனியாக நிற்கும் சின்னஞ்சிறு பழைய தேவாலயங்கள்தான் வேண்டும். கேள்விகள் மூன்று. ஒரே நாளில் எத்தனை பார்க்கலாம்? கதவு திறந்திருக்குமா? வெறும் வெள்ளைச் சுவரும் பெஞ்சுமாக இருக்கும் இடத்தில் எதைப் பார்ப்பது?

மணிக்கூண்டு

வணக்கம் நெடுவழி. எம்20-ல் ஆஷ்ஃபோர்டு வரை வந்து, ஏ2070-ஐப் பிடித்து பிரென்ஸெட் போய், அங்கிருந்து ஏ259-ல் ரை ஊர்ப் பக்கம் திரும்பினால் புரூக்லாந்து. அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஃபேர்ஃபீல்ட். ஓல்டு ராம்னி, நியூ ராம்னி, ஸ்னார்கேட், ஐவிசர்ச் எல்லாமே இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். மார்ஷில் இன்றைக்கும் நிற்கும் இடைக்காலக் கோயில்கள் 14. அரை நாளில் ஆறு பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பெரியவர்களோடு வேண்டாம். ஃபேர்ஃபீல்டும் புரூக்லாந்தும் நிதானமாக, நேரமிருந்தால் ஓல்டு ராம்னி. அவ்வளவுதான்.

ஓட்டுவது பற்றி ஒரு வார்த்தை. சாலைகள் காரணமில்லாமல் வளைவதுபோல் இருக்கும். பல இடங்களில் அவை பழைய கடல் கரைகளையும் வடிகால்களையும் ஒட்டிப் போகிறவை, அதனால் நேரே போய் திடீரென்று செங்கோணத்தில் திரும்பும். இரு பக்கமும் தண்ணீர் நிற்கும் ஆழமான வாய்க்கால், நடுவே தடுப்பு எதுவும் இல்லை. எதிரே டிராக்டர் வந்தால் புல் விளிம்பில் சக்கரத்தை இறக்காதீர்கள். மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் அடியில் களிமண், இறங்கிய சக்கரம் ஏறாது. ஒதுங்கும் இடம் வரை பின்னால் எடுத்துப் போவதே சரி. கறுப்புக் கோடு போட்ட வெள்ளை வட்டப் பலகை இருந்தால் 60 மைல் வரை சட்டம் விடுகிறது. அந்தச் சாலைக்கு 30 போதும்.

சாந்துச்சட்டி

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வெளியே சுவரைப் பார்த்துவிட்டு அப்புறம் உள்ளே போங்கள்.

ஃபேர்ஃபீல்டின் புனித தாமஸ் பெக்கெட் கோயிலைத் தூரத்திலிருந்து பார்த்தால் செங்கல் கட்டடம். 18-ஆம் நூற்றாண்டு என்றுதான் தோன்றும். செங்கல் வெறும் சட்டைதான். உள்ளே இருப்பது இடைக்கால மரச்சட்டம்: மரத்தூண்கள், அவற்றின்மேல் சுவருக்குச் சுவர் போகும் பெரிய உத்தரங்கள், உத்தரத்தின் நடுவில் எழும்பும் குட்டித்தூண், அதிலிருந்து நாலு பக்கமும் விரியும் வளைந்த தாங்கு கட்டைகள். முதலில் மரச்சட்டத்துக்கு நடுவே சாந்து பூசிய சுவர்தான் இருந்தது. அது நசிந்ததும் வெளியே செங்கல் சுற்றினார்கள். 1912-13-இல் டபிள்யூ. டி. கரோ என்ற கட்டடக்கலைஞர் மரச்சட்டத்தைச் செப்பனிட்டுத் திரும்ப நிறுத்தினார்.

உள்ளே போய் முதலில் பார்க்க வேண்டியது கூரை. இருக்கைகளுக்கு அப்புறம் வரலாம். கட்டடம் சின்னது என்பதால் உத்தரங்கள் தலைக்கு மேல் மிகக் கிட்டத்தில் தெரியும். வாய்ச்சி செதுக்கிய தடத்தைக் கண்ணாலேயே காணலாம். மரத்தைச் சதுரமாக்கியபோது அடிமரத்தின் வளைவு மீந்து நிற்கும் விளிம்புகளையும் கவனியுங்கள். உள்ளூரில் கிடைத்த மரத்தை வீணாக்காமல் பயன்படுத்தியவர்களின் வேலை அது.

வல்லைவெளி

கதவைப் பற்றி நான் சொல்லுறன். நிறையப் பேர் பூட்டியிருக்குது எண்டு நினைச்சுத் திரும்பிப் போயிடுவினம். அந்தப் பெரிய இரும்பு வளையத்தை ஒரு பக்கமாத் திருப்பிப் பாருங்கோ. அசையாட்டி மற்றப் பக்கம். உள்ளுக்குக் கொண்டி எழும்புற சத்தம் கேட்டால் தோளால மெதுவாத் தள்ளுங்கோ. ஓக் கதவு ஈரத்தில ஊதி நிலையில இறுகி நிக்கும், அது பூட்டு இல்லை. வளையத்தில தொங்கி இழுக்க வேண்டாம், ஆணி கழண்டு வந்திடும்.

உண்மையாப் பூட்டியிருந்தால் போர்ச்சில, அதுதான் வாசலுக்கு முன்னால கூரை போட்ட முகப்பில, இருக்கிற அறிவித்தல் பலகையைப் பாருங்கோ. சாவி எந்த வீட்டில எண்டு அதில போட்டிருக்கும். ஃபேர்ஃபீல்டில கிட்டடியில சாவி வைக்கிற வழக்கம் கனகாலமா இருக்குது. ஆனால் ஒழுங்கு மாறலாம், புறப்பட முதல் இணையத்தில ஒருக்காப் பார்த்துப் போறது நல்லம். சாவி எடுத்தால் எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கவேணும். அடுத்து வாறவைக்கு வேற வழியில்லை.

இனி முக்கியமான விசயம். கனக்கக் கோயில்களில மரக்கதவுக்கு வெளியால கம்பிவலைக் கதவு ஒண்டு இருக்கும். அதைத் திறந்தபடி விட்டிட்டு உள்ளுக்குப் போகாதேங்கோ. குருவி உள்ளுக்கு வந்திட்டால் வெளிச்சத்தைப் பார்த்து யன்னல் கண்ணாடியில மோதி மோதியே களைச்சுப் போகும். உள்ளுக்குக் குடிக்கத் தண்ணி இல்லை, ரெண்டொரு நாளில செத்துப் போகும். போகேக்கையும் வரேக்கையும் வலைக்கதவின்ரை கொளுவி விழுந்திட்டுதா எண்டு கையால ஆட்டிப் பார்க்க வேணும்.

நெடுவழி

நன்றி வல்லைவெளி அக்கா. அப்பா கேட்கச் சொன்ன கேள்வி: செருப்பைக் கழற்ற வேண்டுமா?

வல்லைவெளி

தேவையில்லை தம்பி. கழற்றினால் கல் நிலத்தில கால் விறைச்சுப் போகும். ஆனால் சப்பாத்தில ஆட்டுப்புழுக்கையும் சேறும் கட்டாயம் ஒட்டியிருக்கும், போர்ச்சில இருக்கிற இரும்புத் தகட்டில நல்லாத் தேய்ச்சிட்டுப் போங்கோ. ஆம்பிளையள் தொப்பியைக் கழற்றுறது மரியாதை. பொம்பிளையள் முக்காடு போடத் தேவையில்லை. மெழுகுதிரி வைக்கிற தட்டு இல்லாத கோயிலில மெழுகுதிரி கொளுத்த வேண்டாம். எல்லாம் காய்ஞ்ச பழைய மரம். அம்மாவுக்கு அதை முதலே சொல்லி வையுங்கோ.

மற்றது, இந்தச் சின்னக் கோயில்களில கக்கூஸ் இருக்குமெண்டு நம்பிப் போகாதேங்கோ. ரையிலயோ நியூ ராம்னியிலயோ முடிச்சுக்கொண்டு வெளிக்கிடுங்கோ.

ஏடு

ஃபேர்ஃபீல்ட் எப்படி வயல் நடுவே தனியாக ஆனது என்பதைப் பெரியவர்களுக்குச் சொன்னால் சுவாரசியமாக இருக்கும். மார்ஷ் நிலம் கடலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மீட்டது. அதில் பெரும்பங்கு கேன்டர்பரி மடத்துக்கும் பேராயருக்கும் சொந்தம். பெக்கெட் கேன்டர்பரிப் பேராயராக இருந்து, கொல்லப்பட்டுப் புனிதரானவர். அவர் பெயரில் கோயில் இருப்பதற்கு அந்தத் தொடர்பே காரணம் என்று கொள்ளலாம். பின்னால் ஆள் குறைந்தது. கொள்ளைநோய் ஒரு காரணம். உழவை விட்டு ஆடு மேய்ப்புக்கு மாறியது இன்னொன்று. ஆயிரம் ஆட்டுக்குச் சில மேய்ப்பர் போதும். சதுப்புக் காய்ச்சல் என்று அங்கே சொல்லப்பட்டது நம் மலேரியாதான், 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் மார்ஷில் இருந்தது. ஆள் போனபின் கோயில் மட்டும் நின்றது. 1913-இல் மண்பாதை போடும்வரை மழைக்காலத்தில் படகிலோ குதிரையிலோதான் வழிபாட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

இப்போதும் மழை பெய்த வாரத்தில் அந்தப் புல்வெளி சொதசொதவென்று இருக்கும். பெரியவர்களுக்குக் கணுக்கால் வரை மூடும் காலணி, ஒரு கைத்தடி. ஏப்ரல் ஆட்டுக்குட்டிக் காலம், தாயாடுகளுக்கு இடையே புகுந்து நடக்காமல் ஓரமாகச் சுற்றிப் போங்கள். வாயிற்கதவுகளை எந்த நிலையில் கண்டீர்களோ அந்த நிலையில் விடுங்கள்.

மணிக்கூண்டு

உள்ளே இருக்கும் இருக்கைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஃபேர்ஃபீல்டில் இருப்பவை பெட்டி இருக்கைகள். இடுப்புயர மரச்சுவரும் சிறு கதவும் உள்ள பெட்டிகள், வெள்ளைப் பூச்சு, விளிம்பில் கறுப்பு. சூடேற்ற வழியில்லாத கோயிலில் கணுக்காலை வருடும் குளிர்க்காற்றைத் தடுப்பதுதான் அந்தப் பெட்டியின் முதல் வேலை. குடும்பத்துக்கு ஒரு பெட்டி. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பாருங்கள், பிரசங்க மேடையில் நிற்பவர் நன்றாகத் தெரிவார்.

மேடை மூன்றடுக்கு. கீழடுக்கு 'ஆமென்' சொல்லி மக்களை நடத்தும் கிளார்க்குக்கு. நடு அடுக்கில் வேதவாசிப்பும் ஜெபமும். மேலடுக்கில் பிரசங்கம். 19-ஆம் நூற்றாண்டில் இந்த மேடைகளைப் பெரும்பாலான ஊர்களில் பிடுங்கி எறிந்தார்கள். ஞானஸ்நானத் தொட்டிக்கு ஏழு பக்கம். எட்டுப் பக்கத் தொட்டி எங்கும் உண்டு, ஏழு அபூர்வம். ஞானஸ்நானம், திருமணம் போன்ற ஏழு திருச்சடங்குகளை (திருவருட்சாதனங்களை)க் குறிக்கும் என்பது பொதுவான விளக்கம்.

நெடுவழி

இன்னும் ஒரு சந்தேகம். ஏன் இவ்வளவு வெறுமை? ஆரம்பத்திலேயே இப்படியா?

ஏடு

இல்லை. இந்த வெள்ளையை நம்பிவிடாதீர்கள். இடைக்காலத்தில் சுவர் நிறைய ஓவியம். நடுக்கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் இடையே மரத்திரை, அதன்மேல் ஒரு மேல்மாடம், அங்கே சிலுவையில் இயேசு, இருபுறமும் மரியாளும் யோவானும். 1538-இல் எட்டாம் ஹென்றி பெக்கெட்டின் பெயரையும் உருவத்தையும் எல்லா இடத்திலும் அழிக்கச் சொன்னார். 1547-க்குப் பின் அவர் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் சுவரெல்லாம் சுண்ணாம்பு. 1561-இல் எலிசபெத் அரசியின் ஆணைப்படி திரைகளின் மேல்மாடமும் போயிற்று. படத்தின் இடத்தை எழுத்து பிடித்தது: பத்துக் கட்டளைகள், பரமண்டல ஜெபம், அரச சின்னப் பலகை. சில கோயில்களில் சுவருக்குள்ளே குறுகலான படிக்கட்டு ஒன்று ஏறி வெறும் வெளியில் முடியும். அது அந்த மேல்மாடத்துக்குப் போன வழி.

புரூக்லாந்துக்கு வாருங்கள். அங்கே சுவரில் ஒரு துண்டு ஓவியம்: 1170 டிசம்பர் 29 அன்று கேன்டர்பரியில் பெக்கெட் வெட்டப்படும் காட்சி. அழிக்கச் சொன்ன அதே உருவம். சுரண்டி எடுக்காமல் மேலே சுண்ணாம்பு அடித்ததால் அடியில் பிழைத்துக் கிடந்து, 1964-இல் வெளியே வந்தது. பெயரழிக்க அடித்த சுண்ணாம்புதான் அதை 400 ஆண்டு காத்தது.

சாந்துச்சட்டி

ஏடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சுவரோவியம் மங்கலாகத்தான் இருக்கும். டார்ச்சை நேராக அடித்தால் வெளிறிவிடும். சுவருக்குப் பக்கவாட்டில், கை நீட்டும் தூரத்தில் நின்று, சுவரை ஒட்டிச் சாய்வாக வெளிச்சம் போகும்படி பிடியுங்கள். மேடுபள்ளம் நிழல் விழுந்து தெரியும். கதவு நிலைக்கல்லில் பழைய கீறல்களையும் இப்படித்தான் கண்டுபிடிப்பது: காம்பஸ் வைத்துக் கீறிய ஆறிதழ்ப் பூ, இரட்டை வி எழுத்து. கெட்டது அண்டாமல் இருக்கப் போட்டவை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கைவிரல் மட்டும் வேண்டாம். ஓவியத்தின் நிறம் சுண்ணாம்பின்மேல் மாவுபோல் உட்கார்ந்திருக்கிறது, ஒருமுறை தொட்டால் அந்த அளவு விரலோடு வந்துவிடும்.

கல் கோயில்களில் தெற்குச் சுவரில், கதவுக்கு அருகே, நடுவில் ஒரு துளையும் அதிலிருந்து கீழ்நோக்கி விரியும் கோடுகளும் தெரிகிறதா பாருங்கள். அது பூசை நேரம் காட்டிய சூரியக் கடிகாரம். துளையில் குச்சி செருகி நிழல் பார்த்தார்கள். போர்ச் பின்னால் கட்டியிருந்தால் வெயிலே படாத இடத்திலும் அது இருக்கும். கல் இடம் மாறியது என்றோ, போர்ச் பிந்தியது என்றோ அதை வைத்தே சொல்லிவிடலாம்.

தும்பை

புரூக்லாந்தில் எல்லோரும் மரமணிக்கூண்டைத்தான் படம் எடுக்கிறார்கள். கோயிலை விட்டு விலகித் தரையில் நிற்கிறது, மூன்று கூம்புத் தொப்பியை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்ததுபோல், மேலெல்லாம் மரச்சில்லு ஓடு. ஏன் தனியாக? அந்த இடத்துச் சதுப்பு மண் கல்கோபுரத்தைத் தாங்காது என்பதே வழக்கமான விளக்கம். உள்ளே போய்த் தூண்வரிசையைப் பார்த்தால் புரியும், வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. கன்னி ஒருத்தி மணக்க வந்ததைக் கண்டு கோபுரம் அதிர்ச்சியில் குதித்து இறங்கியது என்ற ஊர்க்கதையை விட அந்தச் சாய்ந்த தூண்கள் எனக்கு மேல்.

ஆனால் அங்கே உண்மையான செல்வம் ஈயத்தொட்டி. 12-ஆம் நூற்றாண்டு. ஈயத்தில் வார்த்த ஞானஸ்நானத் தொட்டிகள் இங்கிலாந்தில் ஏறக்குறைய 30-தான் மிஞ்சியிருக்கின்றன. இந்த வகைத் தொட்டிகளை மர அச்சை மணலில் அழுத்தி, ஈயத்தை ஊற்றித் தகடாக வார்த்து, அப்புறம் உருளையாக வளைத்துப் பற்றவைப்பார்கள். புரூக்லாந்துத் தொட்டியைச் சுற்றி இரண்டு வரிசை வளைவுகள். மேல்வரிசையில் 12 ராசி, கீழ்வரிசையில் அந்தந்த மாதத்து வேலை. ராசிப்பெயர் லத்தீனில், மாதப்பெயர் நார்மன் பிரெஞ்சில். வளைவுகள் 20, மாதம் 12. அதனால் 8 மாதங்கள் இரண்டாம் முறை வருகின்றன.

ஜனவரிக்கு இரட்டை முகத்து ஜானஸ் விருந்துண்கிறார், ஒரு முகம் போன ஆண்டை, மறுமுகம் வரும் ஆண்டைப் பார்க்கிறது. பிப்ரவரியில் ஒருவர் நெருப்பில் குளிர்காய்கிறார். மார்ச்சில் கொடி கழிப்பது, ஜூனில் புல் அறுப்பு, ஆகஸ்டில் கதிர் அறுப்பு, டிசம்பரில் பன்றி வெட்டு. ராசி தெரிந்த நம்மவர்கள் பெயர்ப்பலகை இல்லாமலே மேல்வரிசையைப் படித்துவிடலாம்: மீனம், ரிஷபம், கடகம், விருச்சிகம். அம்மாவிடம் அவருடைய ராசியைத் தேடச் சொல்லுங்கள். குனிந்து பார்க்கவேண்டிய உயரம், அதனால் முழங்கால் வலி இருந்தால் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து டார்ச் அடித்துக் காட்டுங்கள். ஈயம் மென்மையான உலோகம், மோதிரம் உரசினாலே கோடு விழும்.

ஆற்றுமணல்

ஸ்னார்கேட்டை விட்டுவிட்டீர்களே. வடக்குச் சுவரில் செம்மண் நிறத்தில் பெரிய கப்பல் ஓவியம். கடத்தல்காரர்களுக்கு 'இங்கே சரக்கைப் பதுக்கலாம்' என்று சொல்லும் அடையாளம் அது என்பார்கள்.

ஏடு

ஆற்றுமணல், கப்பல் பார்க்க வேண்டியதுதான். கதை பொருந்தாது. ஓவியம் ஏறத்தாழ 1500-ஐ ஒட்டியது. மார்ஷில் கடத்தல் உச்சத்தில் இருந்தது 18-ஆம் நூற்றாண்டில். கடலோர ஊரில் கப்பல் வரைய வேறு நல்ல காரணங்கள் உண்டு: பிரார்த்தனை, நேர்த்திக்கடன். நம் கடற்கரைக் கோயில்களில் படகுப் பொம்மை வைப்பதுபோல.

சாந்துச்சட்டி

பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு விஷயம். பல கோயில்களில் வாசலைத் தாண்டியதும் ஒரு படி கீழே இறங்கும். நூற்றாண்டுக் கணக்கில் புதைத்ததால் வெளி மண் உயர்ந்தது. நியூ ராம்னியில் அதற்கு வேறு காரணம்: 1287 பெரும்புயல் ஆற்றின் போக்கையே மாற்றி ஊரில் மணலும் சேறும் கொட்டியது. அதனால் புனித நிக்கோலஸ் கோயிலுக்குத் தெருமட்டத்திலிருந்து இறங்கித்தான் போக வேண்டும். வெயிலிலிருந்து வரும் கண்ணுக்கு அந்தப் படி தெரியாது. வாசலில் ஒரு நிமிடம் நின்று கண் பழகியபின் காலை வையுங்கள். வசந்தத்தில் வெளிக்காற்று வெதுவெதுப்பாகவும் கல் தரை குளிராகவும் இருக்கும். நீர் வியர்த்து, தரையில் பதித்த கல்லறைக் கற்பலகைகள் வழுக்கும்.

அப்படியே சுவரின் அடிப்பகுதியையும் பாருங்கள். ஒரு மீட்டர் உயரம்வரை ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால், வெளியே போய் அதே இடத்தில் சிமென்ட் பூச்சு இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. உள்ளே போன ஈரம் சாந்து வழியாக வெளியேறும். அதன்மேல் சிமென்ட் அடைத்தால் ஈரத்துக்குக் கல் வழிதான் மிச்சம். உப்பு கல்லுக்குள்ளேயே பரல் கட்டி முகத்தை உதிர்க்கும். கல் குழிந்து, சிமென்ட் இணைப்பு மட்டும் தேன்கூட்டுச் சட்டம்போல் துருத்தி நிற்கும். நல்லெண்ணத்தில் செய்த பழுதுபார்ப்பு கட்டடத்தைத் தின்கிற காட்சி அது.

மணிக்கூண்டு

19-ஆம் நூற்றாண்டுச் 'சீரமைப்பை'யும் அதோடு சேர்க்கலாம். அதை எதிர்த்துத்தான் வில்லியம் மோரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்.

சாந்துச்சட்டி

முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன் மணிக்கூண்டு. அந்தக் காலத்தில் கூரை மாற்றியிருக்காவிட்டால் பல கோயில்கள் விழுந்திருக்கும். தப்பு எங்கே என்றால், பழுதை மட்டும் சரிசெய்யாமல் உட்சுவரின் சாந்தை உரித்து, பெட்டி இருக்கையைப் பிடுங்கி, 'அசல் 13-ஆம் நூற்றாண்டு' என்று கற்பனையாக ஒன்றைக் கட்டியது. மார்ஷ் கோயில்கள் இதில் பெரும்பாலும் தப்பியதற்குக் காரணம் பக்தியோ ரசனையோ இல்லை. ஊரில் ஆளில்லை, பணமில்லை. ஃபேர்ஃபீல்டின் உள்ளே நிற்கும்போது நெடுவழி கேட்ட 'வெறுமை'யை இப்படிப் பாருங்கள்: மாற்றக் கைவராததால் மிஞ்சியது.

நெடுவழி

சரி, திட்டம் இப்படி: காலை ரை, 11 மணிக்கு ஃபேர்ஃபீல்ட், மதியம் புரூக்லாந்து, முடிந்தால் ஓல்டு ராம்னி. காணிக்கை எப்படி? ஓல்டு ராம்னியில் எதைப் பார்ப்பது?

தும்பை

ஓல்டு ராம்னி புனித கிளெமென்ட்: இளஞ்சிவப்புப் பெட்டி இருக்கைகள். 1963-இல் படப்பிடிப்புக்காக அடித்த நிறம், ஊர்க்காரர்களுக்குப் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் மிகப் பழைய யூ மரம். இயக்குநர் டெரெக் ஜார்மனின் கல்லறையும் அங்கேதான், எளிய கல்லில் அவருடைய கையெழுத்து.

வல்லைவெளி

காணிக்கைக்குச் சுவரில பதிச்ச இரும்புப் பெட்டி இருக்கும், சில இடத்தில காட் மிசினும். சில்லறை கொண்டு போங்கோ, மார்ஷில சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். கூரை ஓடு, வடிகால் துப்புரவு எல்லாம் அந்தக் காசில்தான் ஓடுது.

லைட் சுவிச்சு வழமையா வாசலுக்குக் கிட்ட இருக்கும், போட்டால் திரும்ப நிப்பாட்டுங்கோ. சில கோயிலில மின்சாரமே இல்லை, அதால பின்னேரம் நாலு மணிக்கு முதல் பார்த்து முடியுங்கோ. கடைசியா வெளியில வாறவர் வலைக்கதவைப் பார்க்கவேணும் எண்டு காரில ஏற முதலே ஒராளைச் சொல்லி வையுங்கோ. எல்லாரும் மற்றவர் சாத்தியிருப்பார் எண்டு நினைக்கேக்கைதான் அது திறந்தபடி கிடக்கும்.